யாருக்கு எது உதவும் என்று யார் கண்டது?

கேள்வி: அரசுகள் சேர்த்து வைத்திருக்கும் தரவுகளை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்கிறார்கள். சாதாரண ஆட்கள் அந்த அட்டவணைகளைப் புரட்டிக்கூடப் பார்க்கப் போவதில்லை. அப்புறம் யாருக்கு என்ன லாபம்?

பதில்: நீங்கள் பார்க்காவிட்டால் பரவாயில்லை, பார்க்கிற ஒருவர் கையில் அது கிடைக்க வேண்டும். 1854-ல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், இறந்தவர்களின் பட்டியலை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். மூன்றே நாளில் 83 சாவு. முகவரிகளை வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். கிட்டத்தட்ட எல்லாச் சாவுகளும் பிராட் தெருத் தண்ணீர் பம்பைச் சுற்றியே நடந்திருந்தன. பத்து சாவுகள் மட்டும் வேறொரு பம்புக்குப் பக்கத்தில். அவற்றையும் அவர் விடவில்லை. விசாரித்தால், ஐந்து குடும்பங்கள் எப்போதும் பிராட் தெருவில்தான் தண்ணீர் எடுத்திருக்கின்றன. இன்னும் மூன்று பேர் அந்தப் பம்புக்கு அருகே பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். நோய் அதற்குள் தணிய ஆரம்பித்திருந்தது என்பது உண்மைதான். ஆனால் காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைத்துவிட்டது.

அந்தப் பேரேட்டை எழுதியவர்கள் இதை நினைத்து எழுதவில்லை. சாவைப் பதிவது அவர்கள் வேலை, பதிந்தார்கள். அன்று அனுமதி மறுத்திருந்தால்? அதனால்தான், "இது உனக்கு எதற்கு?" என்று கேட்காமலே கொடுக்க வேண்டும் என்கிறேன்.

1972 முதல் பூமியைப் படமெடுத்துவரும் அமெரிக்க அரசின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களையே பாருங்கள். படங்களை விலைக்கு விற்றபோது, நன்றாக விற்ற ஆண்டில்கூட சுமார் 25 ஆயிரம் படங்கள்தான் போயின. 2008-ல் இலவசமாக்க முடிவெடுத்தார்கள்; அடுத்த ஆண்டே எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. எந்தக் காடு எப்போது அழிந்தது, எந்த ஏரி எவ்வளவு சுருங்கியது என்று இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். அச்சடித்த அட்டவணையை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாகப் போட்டுவிட்டு "வெளியிட்டுவிட்டோம்" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஒவ்வொரு எண்ணையும் திரும்பத் தட்டச்சு செய்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய எழுத்துக் கோப்பான சிஎஸ்வியாகக் கொடுங்கள். எந்தக் கணினியும் படித்துவிடும்.

கேள்வி: சரி, என் மருத்துவ விவரமும் இப்படி வெளியே போய்விடாதா?

பதில்: போகக் கூடாது. தனிமனிதரின் விவரம் பொதுத் தரவு அல்ல. பெயரை நீக்கினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெயர் நீக்கித் தரப்பட்ட மருத்துவப் பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார் லட்டான்யா ஸ்வீனி என்ற ஆய்வு மாணவி. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை வைத்தே மாநில ஆளுநரின் பதிவைக் கண்டுபிடித்துவிட்டார். இப்படிப்பட்ட விவரங்களை ஊர்வாரியாக, வயதுவாரியாகக் கூட்டி, மொத்த எண்ணிக்கையாகத்தான் வெளியிட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை ஒன்றிரண்டு பேர் என்று வந்தால் அதையும் மறைத்துவிட வேண்டும்.