சுதந்திர தினம் இருக்கும்போது குடியரசு தினம் தனியாக எதற்கு?

ஆகஸ்ட் 15 ஒன்று போதாதா, ஜனவரி 26-இல் பள்ளிக்கூடத்து மிட்டாயைத் தாண்டி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், கடலோரம். எங்கள் வீட்டில் பெரிய நாள் ஜனவரி 26 தான்.

1947-இல் வெள்ளைக்காரன் போய்விட்டான், சரி. ஆனால் அதற்குப் பிறகும் இரண்டரை வருடம் இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜ்தான் நமக்கும் ராஜா, அவர் பெயரில் முதலில் மவுண்ட்பேட்டன், அப்புறம் நம்ம ராஜாஜி கவர்னர் ஜெனரல், ஆட்சி நடந்ததும் லண்டனில் போட்ட 1935-ஆம் வருடத்துச் சட்டத்தைத் திருத்தி வைத்துக்கொண்டுதான். புது அரசியல் சட்டம் 1949 நவம்பர் 26-இலேயே தயார். 1930 ஜனவரி 26-ஐ முழு விடுதலை நாளாகக் காங்கிரஸ் கொண்டாடியிருந்ததால் அந்தத் தேதிக்காகக் காத்திருந்து, 1950-இல் அதே நாளில் முழுதாக அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவரானார்.

அதெல்லாம் டெல்லியில். எங்கள் கரைக்கு வந்தது ஓட்டு. அதுவரை சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது இருந்தால்தான் ஓட்டு. கரைவலை இழுக்கிற வீட்டில் அதெல்லாம் ஏது? 21 வயதான எல்லாருக்கும் ஓட்டு என்று 326-ஆவது பிரிவு சொன்னது. (1989-இல்தான் அது 18 ஆனது.) என் அப்பத்தா முதல் பொதுத்தேர்தலிலேயே ஓட்டுப் போட்டவர். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி, பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். ஆனால் அப்பத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது பெட்டியைப் பற்றி இல்லை. "எம் பேரத் தாள்ல எழுதி வச்சிருந்து சத்தமா வாசிச்சாகப்பா" என்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அதைச் சொல்லும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

அம்மா காலத்தில் அது கிராம சபையாக வந்தது. 1992-இல் செய்த 73-ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்தது, தமிழ்நாட்டில் அது கூடும் நாட்களில் ஜனவரி 26-உம் ஒன்று. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற யாரும் எழுந்து பேசலாம். எங்கள் பக்கம் தண்ணீர்ப் பாடு தெரியும்தானே, தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடத்தை வைத்துக்கொண்டு ஊற்றுக்குப் போய்ச் சிரட்டையால் மொண்டு ஊற்றி வருவார்கள். சில வருடங்களுக்கு முன்னால் அம்மாவும் தெருப் பெண்களும் சேர்ந்து போய், எங்கள் தெருவரைக்கும் குழாய் வேண்டும் என்று சபையில் கேட்டார்கள். எல்லாரும் பேசி முடித்ததும் கையெழுத்துக்கு நோட்டு வந்தது. அம்மா பேனாவை வாங்கவில்லை. "தம்பி, நாங்க சொன்னது இதுல இருக்கா? மொதல்ல வாசிங்க, அப்புறம் போடுறேன்" என்றார். வாசித்தபோது அதில் தண்ணீரே இல்லை. அங்கேயே உட்கார்ந்து எழுத வைத்து, மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

குழாய் உடனே வந்துவிடவில்லை, ஒன்றரை வருடம் அலைந்தோம். ஓர் அலுவலகத்தில் "உங்க ஊர்லருந்து யாரும் கேக்கவே இல்லையேம்மா" என்றபோது, தீர்மானத்தின் எண்ணையும் தேதியையும் அம்மா மனப்பாடமாகச் சொன்னார். பக்கத்தில் நான்தான் மனுவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.