மடியில் படுத்தவளே கடித்தால்…

அன்புள்ள ஆலோசகருக்கு,

கானாடுகாத்தானில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக இருக்கிற பெரிய வீடு எங்களுடையது. இப்போது நானும் என் பூனை சிட்டுவும் மட்டும்தான் இருக்கிறோம். எனக்கு 61 வயது. என் வீட்டுக்காரர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி, எங்கிருந்தோ வந்த கடுவன் பூனை ஒன்று முற்றத்து ஓட்டுக்கூரை மேல் நின்று கத்தியது. சிட்டு வளவில் நின்று அதையே உறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்திருப்பாள் என்று தூக்கப் போனேன். பாய்ந்து, கையில் பல் பதியக் கடித்து, காலையும் பிறாண்டிவிட்டாள். மஞ்சள் வைத்துக் கட்டினேன். நான்கு நாளாகியும் வீக்கம் வடியவில்லை. அவளை இரண்டாம் கட்டில் ஓர் அறையில் அடைத்து, சோற்றைக் கதவிடுக்கில் தள்ளுகிறேன். “எங்கேயாவது கொண்டுபோய் விட்டுருங்க ஆத்தா” என்கிறான் மகன்.

கடித்ததுகூடப் பெரிதில்லை. ஐந்து வருஷமாக என் மடியில் படுத்தவள் என்னை எதிரியாகப் பார்த்தாளே, அதுதான் தாங்கவில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?

— பெயர் வேண்டாத ஒரு ஆச்சி

அன்புள்ள ஆச்சி,

முதலில் கையைப் பார்ப்போம். இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பூனையின் பல் ஊசி மாதிரி. மேலே காயம் மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே தங்கிவிடும். நாய்க்கடியில் வருகிற ரேபிஸ் பூனைக்கடியிலும் வரலாம். தடுப்பூசியை முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் போடுவார்கள். ஒன்றையும் தவறவிடாதீர்கள். ரத்தம் வந்ததா என்பதையும் சொல்லுங்கள். வந்திருந்தால் காயத்தைச் சுற்றி ஊசியாகப் போடும் மருந்தும் தேவைப்படும். இனி கடிபட்டால் மஞ்சள் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள்.

சிட்டுவை எங்கும் விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வதும் முதலில் உங்களுக்காகத்தான். கடித்த நாளிலிருந்து 10 நாள் அவள் நன்றாக இருந்தால், கடித்தபோது அவளிடமிருந்து ரேபிஸ் தொற்றியிருக்காது என்று மருத்துவர் முடிவு செய்யலாம். கண்மறைவாகப் போய்விட்டால் அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதுவரை தூக்க வேண்டாம், தடவ வேண்டாம். சாப்பாட்டை நிறுத்தினாலோ, எச்சில் வடிந்தாலோ, தள்ளாடினாலோ தொடாமல் கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

அப்புறம் உங்கள் கேள்வி. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை ஆச்சி. அவள் கோபமெல்லாம் கூரை மேல் நின்ற கடுவன் மீது. அது எட்டாத இடத்தில் இருந்தது, பக்கத்தில் அசைந்தது உங்கள் கை. திசைமாறிய ஆக்ரோஷம் என்று இதைச் சொல்வார்கள். வீட்டுப் பூனைகளிடம் இது அடிக்கடி நடக்கிறது. அந்த நொடியில் அவள் உங்களைப் பார்க்கவே இல்லை. காது பின்னால் மடிந்து, கண்ணின் கருமணி விரிந்து, வால் சாட்டை மாதிரி அடித்துக்கொண்டிருந்தால் கிட்டவே போகாதீர்கள். அந்தப் படபடப்பு அடங்கச் சில மணி நேரம் ஆகும், சில சமயம் ஒன்றிரண்டு நாளும் ஆகும். இருட்டான அறையில் தண்ணீரும் சாப்பாடும், மலஜலம் கழிக்க மண் போட்ட தட்டும் வைத்துத் தனியே விடுவதுதான் சரி. அடிப்பது, அதட்டுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவள் பயத்தைக் கூட்டும்.

கடுவனைத் தடுக்க முடியாவிட்டாலும் அதை அவள் பார்ப்பதைத் தடுக்கலாம். முற்றத்துக் கம்பிக்கு நிழல்வலை கட்டுங்கள். சாயங்காலமே அவளை உள்ளே விட்டு வளவுக் கதவைச் சாத்திவிடுங்கள். பத்து நாள் கழிந்ததும் கால்நடை மருத்துவரிடம் காட்டி ரேபிஸ் தடுப்பூசி போடுங்கள். பல், மூட்டு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது, தொட்டால் கடிக்கும்.

நான்கு நாளில் சிட்டு ஆறியிருப்பாள். ஆறாதது உங்கள் மனம். கதவுக்கு இந்தப் பக்கம் தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து அவளிடம் பேசுங்கள். பத்து நாள் கழிந்து கதவைத் திறக்கும்போதும் தூக்காதீர்கள்; அவளாக வந்து காலில் உரசட்டும்.

மகனிடம் பூனை கடித்ததை மட்டும்தான் சொல்லியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அந்த ராத்திரி அவ்வளவு பெரிய வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு தனியாக இருந்ததைச் சொன்னீர்களா? சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கும் தனியாகப் போகாதீர்கள், பக்கத்து வீட்டிலிருந்து யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள்.