கண்டென்சர் உப்பிவிட்டால் போர்டையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: 2010-ல் வாங்கிய 32 அங்குல எல்சிடி டிவி எங்களுடையது. ஒரு வருடமாக, சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது, கால் மணி நேரம் கழித்துத்தான் படம் வருகிறது. மார்கழியில் இன்னும் மோசம். பின்மூடியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் பவர் போர்டை மாற்ற 3,500 ரூபாய் கேட்கிறார். போர்டில் இரண்டு கண்டென்சர்களின் தலை உப்பியிருப்பதை நானே பார்த்தேன். அவற்றை மட்டும் மாற்றினால் போதாதா? சால்டரிங் ஓரளவு வரும். (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பெரும்பாலும் போதும். நீங்கள் சொன்ன அந்த மார்கழி விவரமே பாதி நோயைச் சொல்லிவிட்டது. மின்சாரத்தைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் அந்த உருளைக் கண்டென்சருக்குள் அலுமினியத் தாளோடு சுருட்டிய காகிதம் ஒரு திரவத்தில் நனைந்திருக்கும். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்தால் அந்தத் திரவம் அடியிலுள்ள ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும், உள் மின்தடை ஏறும், இதைத்தான் ஈஎஸ்ஆர் என்கிறார்கள். குளிர்ந்திருக்கும்போது அந்தத் தடை இன்னும் அதிகம் என்பதால் பவர் சப்ளை கிளம்ப முயன்று முயன்று விழுகிறது, அதுதான் விளக்கு மினுக்குவது. அப்படி முயல்வதிலேயே கண்டென்சர் மெல்லச் சூடாகி, தடை இறங்கி, கடைசியில் டிவி எழுந்துகொள்கிறது. தலை உப்புவது உள்ளே வாயு சேர்ந்ததால். மேலே கீறல் போட்டிருப்பதே அது வெடிக்காமல் அங்கே பிளந்து வாயு வெளியேறத்தான்.

உப்பாதது எல்லாம் நல்லது என்று நினைக்க வேண்டாம். வெறுமனே வற்றிப்போனது வெளியே தெரியாது, சாதாரண மல்டிமீட்டரில் மைக்ரோஃபாரட், அதாவது அதன் கொள்ளளவு, கூடச் சரியாகவே காட்டலாம். ஈஎஸ்ஆர் மீட்டர் இருந்தால் அளக்கலாம். இல்லையென்றால் அந்த இரண்டோடு பக்கத்தில், அதே ஹீட் சிங்க் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடு) அருகே நிற்கும் நாலைந்தையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். சில பத்து ரூபாய் சமாசாரம், இதற்காக இரண்டாவது தடவை டிவியைக் கவிழ்த்துப் போட வேண்டாம்.

கடையில் எல்லாரும் மைக்ரோஃபாரடையும் வோல்ட்டையும் சொல்லிக் கேட்பார்கள், எவ்வளவு சூடு தாங்கும் என்ற டிகிரியைச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள்: 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர். ஏன் என்று ஒரு கணக்குப் பாருங்கள். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று எழுதிய கண்டென்சர், சூடு 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஏறத்தாழ இரண்டு மடங்கு நாள் உழைக்கும். உங்கள் டிவிக்குள் அந்த இடம் 65 டிகிரி என்று வையுங்கள், 32,000 மணி நேரம் வரும், தினம் ஆறு மணி நேரம் சீரியலும் கிரிக்கெட்டும் ஓடினால் பதினான்கு வருடத்துக்கு மேல். அதே இடத்தில், 85 டிகிரியில் அதே 2,000 மணி நேரம் என்று எழுதியவனைப் போட்டால் 8,000 மணி நேரம்தான், நாலு வருடம்கூட வராது. மெக்கானிக் மாற்றித் தந்தது சீக்கிரமே திரும்ப உப்பிவிட்டது என்று வரும் கடிதங்களில் பாதி இந்த ரகம்தான் என்பது என் சந்தேகம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நல்ல ஜப்பான் சரக்கும் கிடைக்கும், பெரிய உறைக்குள் சின்ன கண்டென்சரை ஒளித்த போலியும் கிடைக்கும். கையில் வாங்கிப் பார்க்கும்போது அளவுக்கு மீறி லேசாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் போர்டில் ஒரே ஒரு பெரிய கண்டென்சர், 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதியது, உங்களை உதறித்தள்ளக் காத்திருக்கும். நம் 230 வோல்ட் டிசி ஆனபின் சுமார் 325 வோல்ட் அதில் நிற்கும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது வீரம் இல்லை, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரின் கால்களை இடுக்கியால் பிடித்து முப்பது விநாடி அதன் இரண்டு முனைகளில் வையுங்கள். அப்புறம் மீட்டரை டிசியில் போட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கழற்றும் முன் போர்டை போனில் நாலு படம் எடுங்கள். பழைய ஈயம் இளகாவிட்டால் மேலே கொஞ்சம் புது ஈயம் வைத்தால் சேர்ந்து உருகும், பிறகு பம்ப்பால் உறிஞ்சலாம். இளகாத காலைப் பிடித்து இழுத்தால் அடியிலிருக்கும் செம்புத் தடமும் கூடவே உரிந்து வரும். கண்டென்சர் உடலில் கோடு போட்ட பக்கம் மைனஸ். போர்டில் நிழலிட்ட பாதி பெரும்பாலும் மைனஸ், ஆனால் எல்லாப் போர்டிலும் அப்படி அச்சடிப்பதில்லை. அச்சை நம்பித் தலைகீழாக மாட்டி, மூடியைத் திறந்து வைத்தபடியே சுவிட்சைப் போட்டு, மேஜையெல்லாம் காகிதத் துகளும் அறையெல்லாம் மீன் நாற்றமுமாக நான் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டு. அதனால்தான் போட்டோ.

ஃப்யூஸ் கருகியிருந்தால் மட்டும் இதில் இறங்காதீர்கள். அது வேறு பார்ட் ஷார்ட் ஆனதன் அடையாளம், மெக்கானிக்கிடமே கொடுத்துவிடலாம். அவர் போர்டை மாற்றச் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது: போர்டை மாற்றினால் அவருக்கு அரை மணி நேர வேலை, திரும்ப வந்து சண்டை போடவும் மாட்டீர்கள்.

கேள்வி: 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கிடைக்கவில்லை. 25 வோல்ட் போடலாமா? 2200 மைக்ரோஃபாரட் போட்டால் இன்னும் நல்லதா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: 25 வோல்ட் தாராளமாகப் போடலாம், இடத்தில் உட்காருமா என்று விட்டமும் உயரமும் மட்டும் பாருங்கள். 10 வோல்ட் கூடவே கூடாது. மைக்ரோஃபாரடை இரட்டிப்பாக்க வேண்டாம், அதே எண், கிடைக்காவிட்டால் 1200 போதும். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதே என்று 2.5 மைக்ரோஃபாரடுக்குப் பதிலாக 4 போட்டு மோட்டாரைச் சூடாக்கிய வீடுகள் எனக்குத் தெரியும்.

கேள்வி: தாத்தாவின் வால்வு ரேடியோ பரணில் முப்பது வருடமாகக் கிடக்கிறது. பிளக்கில் செருகிப் பார்க்கலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: வேண்டாம், முதலில் பல்லிக்கூட்டைத் துடைத்து, உள்ளே மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த வயதில் அவை எல்லாமே கசியும், முக்கியமாக அவுட்புட் வால்வின் (ஸ்பீக்கரை இயக்கும் வால்வு) கிரிட்டுக்கு, அதாவது அதைக் கட்டுப்படுத்தும் முனைக்கு, போகும் ஒன்று கசிந்தால் வால்வே சூடேறி வீணாகும். அவற்றை 630 வோல்ட் பிளாஸ்டிக் ஃபிலிம் வகையால் மாற்றலாம், அதில் பிளஸ் மைனஸ் தொல்லை இல்லை. பெரிய எலக்ட்ரோலிடிக்கையும் (திரவம் நனைத்த உருளை வகை) மாற்றிவிட்டு, முதல் தடவை 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்து ஓட்டுங்கள். பல்பு முழுப் பிரகாசத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்த வேண்டும், எங்கோ ஷார்ட். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட் என்றால் அதன் தகரச் சட்டத்திலேயே மின்சாரம் இருக்கலாம், அதை நேராகப் பிளக்கில் போட்டுவிட்டுத் தொடாதீர்கள், தெரிந்த ஆள் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.