தேக்கா மார்க்கெட்டில் மசாலா விற்ற என் அத்தை

கேள்வி: சொந்தமாகத் தொழில் நடத்திய என் உறவினர் ஒருவர் காலமாகிவிட்டார். குடும்ப நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். 'உழைப்பாளி, அன்பானவர்' என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரைப் பற்றி என்ன எழுதுவீர்கள்?

இருந்தார். என் அப்பாவின் அக்கா. சிங்கப்பூரின் தேக்கா மார்க்கெட்டில் அரைத்த மசாலா விற்றவர். 2022இல் காலமானார். துக்கத்துக்கு வந்த எல்லோரும் "என்ன உழைப்பு, என்ன உழைப்பு" என்றுதான் சொன்னார்கள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல். அதே மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவரும் இருட்டோடு எழுந்துதான் வருகிறார். காய்கறிக் கடைக்காரரும் அப்படித்தான். உழைப்பு மட்டும் போதும் என்றால் அங்கே ஒரு கடையும் மூடியிருக்காது. அத்தையிடம் இருந்தது வியாபார மூளை. கறாரானது, லாபத்தில் ஆசையுள்ளது. இதைச் சொன்னால் இறந்தவரைக் குறைத்துப் பேசுவதாக நம்மவர்கள் நினைக்கிறார்கள். அதுவும் பெண் என்றால் குடும்பத்துக்காகத் தேய்ந்து போனார் என்றே எழுத வேண்டும். அத்தை தேயவில்லை. நன்றாகச் சம்பாதித்தார்; சம்பாதிப்பதை ரசித்தார்.

தொடக்கம் சிங்கப்பூரின் வடக்கே செம்பவாங்கில். மாமா அங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் பண்டகசாலையில் வேலை பார்த்தார். 1971க்குள் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்ததும், தளத்தை நம்பிப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் போல இவர்களும் கலங்கினார்கள். மாமாவுக்கு வேலை போனது. அத்தை அதற்கு முன்பே அக்கம்பக்கத்து மலாய், சீன வீடுகளுக்குக் கைச்செலவுக்காக அம்மியில் மசாலா அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கைச்செலவுக்கு வைத்திருந்தது வீட்டுச் செலவுக்கு என்றானது. பிறகு பழைய கண்டாங் கெர்பாவ் மார்க்கெட்டில் ஒரு மசாலாக் கடையில் சம்பளத்துக்கு நின்றார். 1982இல் அந்த மார்க்கெட்டை இடித்து, சாலைக்கு எதிர்ப்புறம் தேக்கா மார்க்கெட்டின் இன்றைய கட்டடத்தைத் திறந்தபோது அவருக்கென்று ஒரு கடை அமைந்தது. கட்டடத்துக்கு முதலில் சூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. 2000இல் அரசாங்கமே தேக்கா என்று மாற்றிக்கொண்டது.

இந்த வியாபாரத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பொட்டலத் தூள் அல்ல, ஈர மசாலா. ஊறவைத்து அரைத்த மிளகாய் ஒரு தட்டில், மல்லி ஒரு தட்டில், சோம்பும் சீரகமும் சேர்த்து அரைத்தது ஒன்றில், மஞ்சள், இஞ்சி, பூண்டு, வெங்காயம் தனித்தனியாக. மலாய்ச் சமையலுக்கு லெங்குவாஸும் (பேரரத்தை) செராயும் (எலுமிச்சைப் புல்) உண்டு. வாங்க வருகிறவர் மசாலாவின் பெயரைச் சொல்வதில்லை, சமைக்கப் போவதைச் சொல்வார். மற்றதை டாக்டர் விசாரிப்பதுபோல அத்தை விசாரிப்பார். மீனா கோழியா? எந்த மீன்? எத்தனை பேர்? தேங்காய்ப்பால் உண்டா? பிள்ளைகள் சாப்பிடுவார்களா? சீனப் பாட்டிகளிடமும் மலாய்க்காரர்களிடமும் எல்லாம் பாசார் மலாயில்தான், அதாவது சந்தையில் பேசும் கொச்சை மலாயில். "ஈக்கான் அப்பா?" (என்ன மீன்?) என்று கேட்டுக்கொண்டே கை ஒவ்வொரு தட்டிலும் கரண்டியைப் போட்டு எடுக்கும். பாறை மீன் என்றால் ஒரு அளவு, மீன் தலை என்றால் வேறு. பேச்சு முடியும்போது பொட்டலமும் முடிந்திருக்கும். அடுத்த வாரம் அதே ஆள் வந்தால், "போன தடவை காரம் கூடிவிட்டதா?" என்று அவரே முந்திக்கொள்வார். வந்தவர் அப்புறம் எங்கே வேறு கடைக்குப் போகிறது?

வருடத்தை அவர் தமிழ் மாதத்தாலோ ஆங்கில மாதத்தாலோ எண்ணவில்லை, அடுப்பால் எண்ணினார். புரட்டாசியில் நம்மவர்கள் கவிச்சியை விட்டுவிடுவார்கள், கறி மசாலா படுத்துவிடும். அதைத் தூக்கி நிறுத்தத் தீபாவளி வரும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மிச்ச இறைச்சியைப் போட்டு யூரேசியர்கள் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சத்தினர்) சமைக்கும் டெவில் கறிக்கு முன்கூட்டியே ஆர்டர் வாங்கிவைப்பார். பிறகு சீனப் புத்தாண்டுக் கோழிக்கறி. நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங் என்ற மலாய் இறைச்சிக் கறி. பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருமே, அது எந்த ஆண்டில் எந்தப் பண்டிகையோடு மோதும் என்று இரண்டு ஆண்டுக்கு முன்பே சொல்லுவார். அத்தை பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்ல.

மிளகாய் வாங்கும் விதமும் தனி. குண்டூர்ப் பக்கம் அறுவடை முடிந்து சரக்கு குவியும் மார்ச், ஏப்ரலில் விலை இறங்கும். ஆனால் சிங்கப்பூர்க் காற்றின் ஈரத்தில் மூட்டையை வாங்கி அடுக்கினால் பூஞ்சைதான் மிஞ்சும். அத்தை மொத்த வியாபாரியிடம் பணத்தை முன்னாலேயே கொடுத்து விலையைக் கட்டிக்கொண்டு, சரக்கை அவருடைய குளிர்க்கிடங்கிலேயே விட்டுவைத்து, வாரா வாரம் வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டார். கிடங்குக்கு வாடகை தரவில்லை. முன்பணம் கொடுத்ததே வாடகை என்று வாதாடி ஜெயித்திருக்கிறார்.

ஒரு தடவை வாடிக்கையாளர் ஒருவர், நல்ல வசதிக்காரர், கூட்டுச் சேரலாம் என்று வந்தார். மசாலாவைப் பாட்டிலில் அடைத்துப் பேரங்காடிகளுக்குப் போடலாம், அத்தையின் படத்தை லேபிளில் போடலாம் என்றார். எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. அத்தை அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். உரிமம் பெற்ற உணவுத் தொழிற்கூடம் வேண்டும், அதற்கு வாடகை, கெடாமல் இருக்க எண்ணெயும் புளிப்பும், பேரங்காடி அலமாரியில் இடம் பிடிக்கக் கழிவுத்தொகை. கடைசியில் சொன்னது இதுதான்: "பாட்டிலில் போட்டால் பக்கத்துப் பாட்டிலோடு விலையைப் பார்ப்பான். இங்கே என் முகத்தைப் பார்த்து யாரும் பேரம் பேசுவதில்லை." கைப்பக்குவம் கெட்டுவிடும் என்பதற்காக மறுத்தார் என்று துக்க வீட்டில் ஒருவர் உருகிச் சொன்னார். அப்படியெல்லாம் இல்லை. லாபம் குறையும் என்பதால் மறுத்தார்.

குறைகளும் இருந்தன. சொந்தக்காரர்களுக்கு ஐந்து காசு தள்ளுபடி கிடையாது. இதற்காகவே என் அம்மா நெடுநாள் வேறு கடையில் மசாலா வாங்கினார், அதுவும் அத்தையின் கண்ணெதிரே. உதவிக்கு வந்த ஆட்களைக் கத்தி விரட்டியிருக்கிறார். யாரையும் பாராட்டத் தெரியாது.

2020இல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொரோனா ஊரடங்கான கிருமி முறியடிப்புத் திட்டம் நடப்பில் இருந்தபோது மார்க்கெட் திறந்திருந்தது. ஆனால் எழுபதைத் தாண்டியவரை நாங்கள் அனுப்பவில்லை. சோர்ந்துவிடுவார் என்று பயந்தோம். அவரோ தொலைபேசியைக் கையில் எடுத்தார். ஊரே வீட்டில் சமைக்கிறது, இதைவிட நல்ல காலம் எப்போது வரும் என்று பழைய நோட்டைப் பிரித்து வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அழைத்தார். எத்தனை கரண்டி எதில் என்று இவர் தொலைபேசியில் சொல்ல, கடையில் அத்தை மகள் கலக்க, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். பெட்ரோல் காசு கொடுத்தார். ரசீது கேட்டு வாங்கிக்கொண்டுதான்.

உங்கள் மலருக்கு வருகிறேன். வீட்டாரிடம் மட்டும் கேட்காதீர்கள், அவர்கள் 'அன்பானவர்' என்றுதான் சொல்வார்கள். அவருக்குச் சரக்குப் போட்டவரையும் பக்கத்துக் கடைக்காரரையும் கேளுங்கள். எதற்குச் சண்டை போட்டார், எந்த வாய்ப்பை வேண்டாம் என்றார், யாருக்குக் கடன் கொடுத்தார், யாருக்குக் கொடுக்கவில்லை என்று விசாரியுங்கள். அத்தையைப் பற்றி நான் இங்கே எழுதியதில் பாதி அந்த மிளகாய் வியாபாரி சொன்னது.

கருமாதி அன்று மலாய்க்கார அம்மாள் ஒருவர் வந்தார். பன்னிரண்டு வெள்ளி பாக்கி இருக்கிறது என்று இரண்டு பத்து வெள்ளி நோட்டுகளை நீட்டினார். இந்த நேரத்தில் எதற்கு என்று பெரியவர்கள் பதறினார்கள். அத்தை மகள் உள்ளே போய்க் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு வந்து, சரிதான், பன்னிரண்டுதான் என்று பணத்தை வாங்கிக்கொண்டு எட்டு வெள்ளி மீதி கொடுத்தாள்.