பழைய காரில் ஒழுகல்: முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பழங்காநத்தத்தில் முப்பது வருடமாகப் பட்டறை வேலை பார்க்கிறேன். சித்திரை வெயில் ஏறியதும் பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்பதெல்லாம் ஒழுகலைப் பற்றித்தான். பாசமாக வைத்திருக்கும் வண்டிக்குத் தேவையில்லாத பாகத்தை மாற்றிப் பணம் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதனால் வந்த கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

திருமங்கலம்: அண்ணே, 2004 மாருதி 800. நிறுத்தும் இடத்தில் கறுப்பாக ஆயில் சொட்டுகிறது. சம்ப் (இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) பேக்கிங் மாற்றியும் நிற்கவில்லை. கியர்பாக்ஸை இறக்கி கிராங்க் சீல் (இன்ஜின் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்ற வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?

பொறுங்கள் தம்பி, கியர்பாக்ஸை இப்போது தொட வேண்டாம். ஆயில் மேலே கசிந்து, இன்ஜின் மேலேயே வழிந்து, கடைசியில் சம்ப் விளிம்பில் வந்து சொட்டும். சொட்டும் இடத்தை மட்டும் பார்த்தால் சம்ப்தான் குற்றவாளியாகத் தெரியும்.

இன்ஜின் ஆறியதும் மண்ணெண்ணெயில் பிரஷ்ஷை நனைத்து மேலிருந்து கீழாக நன்றாகக் கழுவித் துடையுங்கள். காய்ந்த பிறகு, முகத்துக்குப் போடும் பவுடரைச் சந்தேகப்படும் இடங்களில் லேசாகத் தூவுங்கள். பெல்ட் பக்கம் மட்டும் வேண்டாம். கப்பலூர் வரை போய்த் திரும்பி வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல்நுனிதான் கசியும் இடம்.

உங்கள் வண்டியில் நான் முதலில் பார்ப்பது இரண்டு இடம். ஒன்று, இன்ஜினின் மேல்மூடியான டாப் கவரின் பேக்கிங். வெயிலிலும் சூட்டிலும் அந்த ரப்பர் பிளாஸ்டிக் போல இறுகிவிடும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. இன்னொன்று, ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடத்து ஓ ரிங், அதாவது ரப்பர் வளையம். அது கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால், அங்கே கசிந்தால் ஆயில் நேராக இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இறங்கும். கிராங்க் சீல் போய்விட்டது என்று எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். ஓ ரிங் விலை டீச்செலவு மாதிரி. கியர்பாக்ஸ் இறக்கும் கூலி அப்படியில்லை.

புது பேக்கிங் போடும்போது கவர் போல்ட்டை மணிக்கட்டு பலத்தில் மட்டும் முறுக்குங்கள். தோள்பலம் காட்டினால் கவர் வளைந்து மறுபடி ஒழுகும். கையோடு பிரீதர் ஹோஸை (இன்ஜின் உள்ளே சேரும் காற்றை வெளியே விடும் குழாய்) கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலையும் தள்ளிவிடும்.

உசிலம்பட்டி: ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, தரையில் ஈரமே இல்லை. ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது சூடு காட்டும் முள் மேலே போகிறது.

முதலில் ரேடியேட்டர் மூடி. அதன் மேல் பெரும்பாலும் 0.9 என்று அழுத்த அளவு எழுதியிருக்கும். அந்த அழுத்தம் நின்றால் தண்ணீர் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் 100க்கே கொதித்து ஆவியாகப் போய்விடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

அப்புறம் வாட்டர் பம்ப். தண்டுக்குக் கீழே சின்னத் துளை ஒன்று இருக்கும். அதிலிருந்து காய்ந்த கறை இறங்கியிருந்தால் பம்ப் சீல் போய்விட்டது. இரண்டும் சரி என்றால் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் விட்ட காபி போலிருந்தால் வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்து வாருங்கள், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பாகத்துக்கு அடியில் இருக்கும் பேக்கிங்) வேலை இருக்கிறது. இனிமேல் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்பு ரேடியேட்டர் குழாயை அடைத்துவிடும். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி போதும்.

தெப்பக்குளம்: பிரேக் பெடல் முன்னைவிடக் கீழே போகிறது, பின் சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருக்கிறது. அப்பாவின் வண்டி சார், தினமும் நான்தான் ஓட்டுகிறேன்.

அம்மா, இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பக்கத்துத் தெரு வரைகூட வேண்டாம். வீல் சிலிண்டர் (சக்கரத்துக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் பாகம்) கசிகிறது என்றே நினைக்கிறேன். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். இரண்டு பின் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஆயில் ஊறிய பிரேக் ஷூவும் உதவாது. பிரேக் ஆயில் டேங்க் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எது எழுதியிருக்கிறதோ அதை மட்டும் ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலும் உள்ளே ரப்பரெல்லாம் உப்பிவிடும். முடிந்ததும் பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுத்தார்களா என்று கேட்டு, பெடலை நீங்களே மிதித்துப் பாருங்கள்.

மேலூர்: ஏசி போட்டு நிறுத்தினால் முன்பக்கம் தண்ணீர் சொட்டுகிறது.

நிறமும் வாடையும் இல்லாவிட்டால் அது ஏசி தண்ணீர். சொட்டத்தான் வேண்டும்.

வாடிப்பட்டி: நானே அடியில் படுத்துப் பார்க்கலாமா?

ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஹாலோ பிளாக்கும் நொறுங்கும். வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு இருந்தால் மட்டும் படுங்கள். இல்லையென்றால் ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து, முன்சக்கரம் எங்கே என்று குறித்து வையுங்கள். காலையில் அட்டையே சொல்லும்: கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில், பச்சை என்றால் கூலன்ட், கந்தக வாடையோடு கெட்டியாக இருந்தால் கியர் ஆயில்.

சோழவந்தான்: ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைபடுமா ஐயா?

சின்ன ஓட்டை கொஞ்ச நேரம் அடைபடும். நடுவழியில் நின்றால் வீடு வந்து சேர அது உதவியிருக்கிறது. ஆனால் அதே தூள் நல்ல குழாயையும் அடைக்கும். வீட்டுக்கு வந்ததும் கீழ் ஹோஸைக் கழற்றி, மஞ்சள் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். கழற்றிய கையோடு ஹோஸின் கிளிப் பக்கத்தை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் புது ஹோஸ், புது கிளிப் போட்டுவிட்டு, ரேடியேட்டரைக் கடையில் கொடுத்து ஓட்டையைப் பற்ற வையுங்கள்.