ஜெர்மன்காரர்கள் போன பிறகு கிண்டியில் என்ன மிஞ்சியது?

கேள்வி: ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் இந்தியாவிலேயே வளாகம் திறக்க ஆரம்பித்துவிட்டன. நம் பிள்ளைகள் இனி கடன் வாங்கிக்கொண்டு விமானம் ஏற வேண்டாம். போட்டி வந்தால் நம் பல்கலைக்கழகங்களும் தானாகத் திருந்தும். ஆனால் போன இதழில் நீங்கள், ‘இதை சர்வதேச ஒத்துழைப்பு என்று சொல்லாதீர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது நடந்தாலும் உங்களுக்குப் பிடிக்காதா? என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அதனால்தான் கேட்கிறேன்.
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: மகளை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வளாகங்கள் வருவதில் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. வரட்டும், வசதியுள்ளவர்கள் சேர்ந்து படிக்கட்டும். நான் சண்டை போடுவது ‘ஒத்துழைப்பு’ என்கிற அந்த ஒரு வார்த்தைக்காக. இந்த நாட்டில் அந்த வார்த்தைக்கு ஒரு பழைய அர்த்தம் இருந்தது. அதைப் பார்க்க நீங்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம், கிண்டியில் இருக்கிற சென்னை ஐஐடிக்கு வந்தால் போதும்.

1956ல் நேரு மேற்கு ஜெர்மனி போனபோது, இந்தியாவில் ஒரு தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் அமைக்க உதவுகிறோம் என்று அவர்கள் முன்வந்தார்கள். 1959ல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே வருடம் ஜூலை 31ஆம் தேதி சென்னை ஐஐடி தொடங்கியது. ஜெர்மன் பேராசிரியர்கள் இங்கே வந்து தங்கிப் பாடம் எடுத்தார்கள், நம் ஆசிரியர்கள் அங்கே போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள், பணிமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் கருவிகள் கப்பலில் வந்து இறங்கின. 1973ல் ஐபிஎம் 370 கணினி வந்ததும் ஜெர்மன் உதவியில்தான். இதே காலத்தில் பம்பாய் ஐஐடிக்கு யுனெஸ்கோ வழியாக சோவியத் யூனியன், டெல்லிக்கு பிரிட்டன், கான்பூருக்கு ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்த குழு. அந்த அமெரிக்கத் திட்டம் 1962ல் இருந்து 1972 வரை சரியாகப் பத்து வருடம் ஓடியது. 1963லேயே கான்பூரில் ஐபிஎம் 1620 கணினி வந்து, இந்தியாவில் கணினிக் கல்விக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி போட்டார்கள். பத்து வருடம் முடிந்ததும் அமெரிக்கர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கணினி போகவில்லை, பாடத்திட்டம் போகவில்லை, அவர்களோடு சேர்ந்து வேலை செய்து பழகிய நம் ஆசிரியர்களும் இங்கேயே இருந்தார்கள்.

சென்னை ஐஐடிக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும், உள்ளே ஒரு முக்கியமான சாலைக்கு இன்றும் பான் அவென்யூ என்றுதான் பெயர். மான்கள் குறுக்கே போகிற அந்தச் சாலையில் எந்த ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் கிளையும் கிடையாது. ஜெர்மனியின் பெயர் சாலைக்கு மட்டும் இருக்கிறது, நிறுவனம் முழுக்க நம்முடையது. ஒத்துழைப்பு என்றால் நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். வந்தவர் போன பிறகு நம் கையில் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, இப்போது வருகிறவற்றைப் பார்ப்போம். குஜராத்தின் கிஃப்ட் சிட்டி என்கிற நிதிச் சேவை நகரத்தில் டீக்கின், உல்லாங்காங் என்று இரண்டு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, அங்கே விதிமுறையே தனி. மற்ற ஊர்களுக்கு யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு 2023 நவம்பரில் ஒரு விதிமுறை வெளியிட்டது. அதன்படி முதலில் வந்தது டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம், 2025ல் வகுப்புகள் ஆரம்பித்தன. உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்கும் பல்கலைக்கழகம் இங்கே வளாகம் திறக்கலாம், கட்டணத்தை அதுவே முடிவு செய்யலாம், மாணவர் சேர்க்கையையும் ஆசிரியர் நியமனத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளலாம், அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டுப் பணத்தைத் தாய்நாட்டுக்கு அனுப்பலாம். இட ஒதுக்கீடு கட்டாயமில்லை. 69 சதவீத இட ஒதுக்கீட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உண்டாக்கிய ஒரு மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கடைசி வரியை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

கடன் வாங்க வேண்டாம் என்கிறீர்கள். இந்த வளாகங்கள் சிலவற்றில் ஆண்டுக் கட்டணமே பத்து லட்சத்துக்கு மேல் போகிறது. மூன்று நான்கு வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்புறம் விடுதி, சாப்பாடு. லண்டனுக்கும் மெல்பர்னுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனாலும் கோவில்பட்டியில் சம்பளம் வாங்குகிற ஒரு குடும்பம் இதைக் கடன் இல்லாமல் கட்டிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போட்டி வந்தால் நம் பல்கலைக்கழகங்கள் திருந்தும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு நிஜமாகவே வயிறு எரிகிறது. போட்டிக்கு இறங்குகிறவனுக்குக் கை கால் இருக்க வேண்டாமா? 1857ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரை யார் நியமிப்பது என்று ஆளுநரும் அரசும் மோதிக்கொண்டதில் இரண்டு வருடத்துக்கு மேல் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது, ஒருங்கிணைப்புக் குழுவை வைத்து ஓட்டினார்கள். 2024 தொடக்கத்தில் வருமான வரித்துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்றார்கள். காரணத்தைக் கேளுங்கள்: அரசு கொடுக்கிற மானியம் மொத்தச் செலவில் பாதிக்கும் கீழே போய்விட்டது, ஆகவே அரசு நிதியில் நடக்கும் நிறுவனம் என்று சொல்லி வரிவிலக்கு கேட்க முடியாதாம். நூற்று அறுபது வருடத்துக்கு மேலான ஒரு பொதுப் பல்கலைக்கழகத்துக்கு மானியத்தைக் குறைத்தோம், குறைத்ததற்காக வரியும் கேட்டோம். சவுத்தாம்ப்டன் வந்தால் இது எப்படிச் சரியாகும் என்று எனக்கு யாராவது விளக்க வேண்டும்.

கல்லூரிகளின் கதை இதற்கும் கீழே. தென் மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றுக்கு ஒரு கூட்டத்தில் பேசப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். இயற்பியல் ஆய்வகத்தை ஒரு கௌரவ விரிவுரையாளர் சுற்றிக் காட்டினார். பிஎச்.டி முடித்தவர், வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஸ்பெக்ட்ரோமீட்டர் இரண்டு இருந்தது, அதில் ஒன்றுக்கு மட்டம் பார்க்கிற திருகு தேய்ந்துபோய் அடியில் மடித்த அட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். நல்ல முப்பட்டகம் ஒன்றைப் பஞ்சில் சுற்றிப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். “உடைஞ்சா அடுத்தது எப்ப வரும்னு தெரியாது சார், அதான்” என்றார். அவருக்குத் தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருடத்துக்குப் பதினோரு மாதம்தான். மே மாதம் வீட்டில் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை.

தேசியக் கல்விக் கொள்கை, 2035க்குள் கல்லூரி வயதுப் பிள்ளைகளின் உயர்கல்விச் சேர்க்கை 50 சதவீதம் ஆக வேண்டும் என்கிறது. 2021-22 கணக்கிலேயே தமிழ்நாடு 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. அதாவது பிள்ளைகளைக் கல்லூரிக்குள் கொண்டுவருகிற வேலையை நாம் பெரும்பாலும் முடித்துவிட்டோம். அவர்கள் உட்கார்ந்திருப்பது அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிற ஆய்வகத்தில். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் இந்தியாவுக்கு வருவதென்றால் அவர் வர வேண்டிய இடமும் அதுதான், ஒரு வருடமாவது தங்கி, அந்த விரிவுரையாளரோடு சேர்ந்து ஆய்வகத்தை நிமிர்த்திவிட்டுப் போக வேண்டும்.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. 2022ல் யுஜிசி கொண்டுவந்த விதிமுறைப்படி இந்தியக் கல்வி நிறுவனமும் வெளிநாட்டு நிறுவனமும் சேர்ந்து கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் தரலாம். நல்ல யோசனை. ஆனால் தகுதி என்ன தெரியுமா? கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பிடம் மதிப்பெண் குறைந்தது 3.01 வாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேசியத் தரவரிசையில் முதல் 100 பல்கலைக்கழகங்களுக்குள் இருக்க வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் உயர்சிறப்பு நிறுவனம் என்று மத்திய அரசு அறிவித்திருக்க வேண்டும். ஏற்கனவே நன்றாக நடக்கிறவர்களுக்கு மட்டும் கதவு திறக்கிறது. உதவி யாருக்கு அவசரமோ அவர்கள் வெளியே நிற்கிறார்கள். 1959ல் இந்த மாதிரி ஒரு நிபந்தனை இருந்திருந்தால் கிண்டிக்கு ஒரு லேத் மெஷின்கூட வந்திருக்காது, ஏனென்றால் அங்கே தரவரிசை போடுவதற்கு நிறுவனமே இல்லை!

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது நாமே கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். 2023 ஜூலையில் தான்சானியாவின் சான்சிபாரில் சென்னை ஐஐடி வளாகம் அமைக்க ஒப்பந்தம் கையெழுத்தானது, அந்த வருடமே வகுப்புகள் தொடங்கின, ஐஐடி வளாகம் ஒன்றுக்கு முதன்முதலாக ஒரு பெண் தலைமை ஏற்றதும் அங்கேதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இளநிலைப் படிப்புக்கு வருடக் கட்டணம் 12,000 டாலர் என்று பார்த்ததும் சங்கடமாக இருந்தது. ஜெர்மனி நமக்குச் செய்ததை நாம் ஆப்பிரிக்காவுக்குச் செய்யப்போகிறோமா, சவுத்தாம்ப்டன் நமக்குச் செய்வதைச் செய்யப்போகிறோமா? உதவித்தொகை யாருக்குப் போகிறது, உள்ளூர் ஆசிரியர்கள் எத்தனை பேர் உருவாகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில் தெரியும்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அப்படி ஒரு வளாகத்தில் சேர்க்க முடிவு செய்தால், கையேட்டில் இருக்கும் புகைப்படத்தைப் பார்க்காமல் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். பாடம் எடுப்பவர்கள் தாய்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவர்களா, இங்கே ஒப்பந்தத்தில் எடுத்தவர்களா? அவள் சேரும் துறைக்கு ஆய்வகம் இப்போதே இருக்கிறதா? நடுவில் வளாகத்தை மூடினால் அவளை எங்கே சேர்ப்பார்கள், கூடுதல் செலவு யாருடையது? மூன்றாவதை நான் சும்மா சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007 மார்ச்சில் சிங்கப்பூரில் வளாகம் திறந்தது. காலப்போக்கில் 15,000 மாணவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் முதல் செமஸ்டரில் 148 பேர்தான் சேர்ந்தார்கள். ஜூன் கடைசியில் மூடிவிட்டார்கள், ஒரே ஒரு செமஸ்டர். யுஜிசி அனுமதி இல்லாமல் மூடக் கூடாது, மாணவர்களுக்கு மாற்று ஏற்பாட்டைத் தாய் நிறுவனம் செய்ய வேண்டும் என்று நம் விதிமுறையில் இருக்கிறது. அது நல்ல விதி. ஆனாலும் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் அவர்கள் கையெழுத்தோடு ஒரு காகிதம் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.