லாப்ரடாரின் வாய்க்கு வேலை கொடுங்கள்

கேள்வி: மதுரையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் லாப்ரடாருக்கு 14 மாதம். குழந்தைகளிடம் அவ்வளவு சாது. ஆனால் செருப்பு, தலையணை எதையும் விட்டுவைப்பதில்லை. காலை ஒன்பது மணிக்கு மேல்தான் வெளியே அழைத்துப்போக முடிகிறது. பாதி வழியில் படுத்துவிடுகிறது. எவ்வளவு போட்டாலும் பசி அடங்குவதில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஒன்பது மணி நடையை நிறுத்துங்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில், குளிர்ந்த கடலில் மீனவர்களோடு வேலை பார்த்த நாய்களின் வழிவந்த இனம் இது. உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம்; சூட்டைத் தணிக்கப் பெரும்பாலும் மூச்சிரைப்பை நம்பியிருக்கிறது. அது படுத்துவிட்டால் பிடிவாதம் என்று நினைத்து இழுக்காதீர்கள். விடியலிலோ, தார்ச்சாலை ஆறிய இரவிலோ போங்கள். மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாக வடிந்து தள்ளாடினால், நிழலில் வைத்து உடனே உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்று படச் செய்து, மருத்துவரிடம் விரையுங்கள். வெயிலுக்காக ரோமத்தை மழிக்க வேண்டாம்.

செருப்புக்கு வருவோம். பிரிட்டனில் வேட்டைக்காரர்கள் சுட்டு வீழ்த்திய பறவையைத் தேடி, சேதமில்லாமல் கவ்விக்கொண்டு வருவதற்காகவே இந்த இனத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தார்கள். கவ்வுவது அதன் பிறவிக்குணம். வேறு எதுவும் கிடைக்காதபோது செருப்பு. நீங்கள் கத்திக்கொண்டே துரத்தினால், அது உங்களோடு ஆடும் விளையாட்டாகிவிடும். துரத்தாமல் ஒரு தின்பண்டத்தைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு துணிப் பொம்மையைக் கட்டிலுக்கடியில், கதவுக்குப் பின்னால் என்று ஒளித்துவைத்து எடுத்துவரச் சொல்லுங்கள். மூக்கையும் மூளையையும் சேர்த்துச் செய்யும் கால் மணி நேர வேலை அதை நன்றாகவே களைப்பாக்கும். குழந்தைகளிடமே இந்தப் பொறுப்பை விடலாம். மாடிப்படியில் மட்டும் ஓடவிட்டு விளையாடாதீர்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் அதிகம்.

பசி விஷயத்தில் அதன் கண்களை நம்பவே கூடாது. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் குறை இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். வயிறு நிறைந்தும் அது கெஞ்சும். கெஞ்சலுக்கு இணங்குவதுதான் பாசம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். 48 லாப்ரடார்களை ஆயுள் முழுவதும் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மற்றவற்றைவிட 25 சதவீதம் குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு. வெறும் தயிர்சாதம் போதாது, இறைச்சியோ முட்டையோ சேருங்கள். வெங்காயம் கிடக்கும் சாம்பார், திராட்சை, சாக்லேட் ஆகியவை நஞ்சு.

குளிப்பாட்டியதும் தொங்கும் காதுகளுக்குள் ஈரம் தங்காமல் துடைத்துவிடுங்கள். உண்ணி மருந்தை மருத்துவர் சொன்ன இடைவெளியில் தவறாமல் கொடுங்கள். இவ்வளவு பசியெடுக்கும் நாய் ஒரு நாள் சாப்பாட்டைத் தொடாமல் சோர்ந்து கிடந்தால், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.